ஊர் சுற்றிய பாட்டு மேடை

மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழர்களில் மூத்தவர் பலருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து தெரு அரவம் அடங்கிய பிறகு, வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சென்னை நிலையத்தைத் தேடுவார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு கீர்த்தனையோ, ஒரு நாடக வசனமோ அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் போதும். அன்றைய பொழுது வீண் போகவில்லை என்ற நிறைவு உண்டாகும். மத்திய அலை பகலைவிட இரவில் வெகுதூரம் செல்லும் என்ற இயற்கை விதி, ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கென்றே அமைந்ததுபோல நமக்குத் தோன்றியதுண்டு.

இதே விதியை நம்பி, இதே ஏக்கத்தோடு வானொலி முன் அமர்ந்த மக்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். தென் மாநிலங்களின் மலைச் சிற்றூர்களையும் பருத்திக் காடுகளையும் விட்டு, வடக்கேயுள்ள ஆலை நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டு முதலில் வண்டியிலும், பிறகு வானொலி அலையிலும், கடைசியில் தொலைக்காட்சியிலும் ஏறி அவர்களைத் தேடிச் சென்ற வரலாற்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

'கண்ட்ரி' இசை என்று இன்று உலகம் அழைப்பதை 1920களில் 'ஹில்பில்லி' இசை என்றார்கள். மலைக்காட்டான் என்ற ஏளனம் அச்சொல்லில் கலந்திருந்தது. அப்பலாச்சிய மலைத்தொடரில் குடியேறிய ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தியரும் அயர்லாந்தியரும் கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடில் வாத்தியமும் அதற்கு ஒரு வேர். மற்றொரு வேர் ஆப்பிரிக்காவில் உள்ளது. பாஞ்சோ என்னும் நரம்பு வாத்தியத்தை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அடிமைகளாக இழுத்துவரப்பட்ட கறுப்பு மக்கள். இந்த இரண்டாவது வேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

வானொலி பிறப்பதற்கு முன்பே இந்த இசை ஊர் சுற்றியது. அதைச் சுமந்து சென்றவர்களில் முக்கியமானவர்கள் மருந்து வியாபாரிகள். வண்டியொன்றில் லேகியமும் தைலமும் ஏற்றிக்கொண்டு சந்தைத் திடலில் வந்து இறங்குவார்கள். முதலில் பிடில்காரர் வாசிப்பார்; அடுத்துக் கோமாளி சிரிக்கவைப்பார்; கூட்டம் கூடியதும் மருந்து விற்பனை தொடங்கும். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ராய் அகஃப் என்பவர் இப்படித் தொடங்கியவரே. பேஸ்பால் ஆட்டக்காரராக விரும்பிய அவரை 1929இல் வெயிலின் கொடுமை படுக்கையில் தள்ளியது. படுத்த காலத்தில் பிடில் பழகினார். 1932இல் மருந்து வியாபாரக் குழுவொன்றோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடினார். ஒலிபெருக்கி இல்லாத திடலில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டியிருந்ததே தம் குரலுக்குப் பயிற்சி என்று அவர் கருதினார்.

அங்கிள் டேவ் மேகன் என்ற பாஞ்சோ வித்துவானின் கதையும் சக்கரத்தோடு பிணைந்தது. 1870இல் பிறந்த அவர், கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் சரக்கேற்றிச் செல்லும் தொழிலை டென்னஸி மாநிலத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். வழியெல்லாம் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுவாராம். மோட்டார் லாரிகள் வந்து வண்டித் தொழிலை விழுங்கிவிட்டபோது அவருக்கு வயது ஐம்பது. அதன் பிறகே அவர் பாட்டையே பிழைப்பாகக் கொண்டார்.

வானொலி வந்ததும் வண்டியின் வேலையை அலைகள் ஓரளவு ஏற்றுக்கொண்டன. சிகாகோ நகரத்தின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் 1924 ஏப்ரலில் 'களஞ்சிய நடனம்' என்னும் பொருள்படும் சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்நிலையம் ஸியர்ஸ் ரோபக் என்ற பெரிய பல்பொருள் வியாபார நிறுவனத்துக்குச் சொந்தமானது. மறு ஆண்டு, 1925 நவம்பர் 28ஆம் நாள், நாஷ்வில் நகரத்தின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர் 77 வயது நிரம்பிய அங்கிள் ஜிம்மி தாம்ஸனை ஒலிவாங்கி முன் அமர்த்திப் பிடில் வாசிக்கச் செய்தார். 1927 முதல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் பெற்று, இன்றளவும் சனிக்கிழமைதோறும் நடந்துவரும் நிகழ்ச்சியின் பிறப்பு அதுவே.

டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் சொந்தக்காரர் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஏழை எளியவரிடம் வாரந்தோறும் சில காசுகளைச் சந்தாவாக வாங்கும் முகவர்கள் அதற்கு இருந்தார்கள். கதவைத் தட்டி, சனிக்கிழமைப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் கதவு திறக்கும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். சந்தைத் திடலில் பிடில் செய்த வேலையை இங்கே வானொலி செய்தது. 1932இல் அந்நிலையம் 50,000 வாட் சக்தி பெற்றது. இரவு நேரத்தில் பற்பல மாநிலங்களில் அது கேட்டது.

ஆயின், பாடகர்களின் பயணம் நின்றுவிடவில்லை. சனிக்கிழமை மேடையில் கிடைத்த ஊதியம் சொற்பம். வயிற்றுப்பாட்டுக்குரிய வருமானம் வெளியூர்க் கச்சேரிகளிலேதான். வானொலியில் குரல் கேட்டவர்கள் முகத்தையும் பார்க்க விரும்பினார்கள். ஆகவே ஞாயிறு காலை கார் ஏறினால், பெரிய கான்ட்ரபாஸ் வாத்தியத்தை மேற்கூரையில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடக் கூடங்களிலும் சிற்றூர்க் கொட்டகைகளிலும் பாடிவிட்டு, எங்கிருந்தாலும் அடுத்த சனிக்கிழமை மாலைக்குள் நாஷ்வில் வந்து சேர்ந்தாக வேண்டும். 1941இல் கூடாரம் அடித்து நிகழ்ச்சி நடத்தும் குழுக்களும் புறப்பட்டன. வீட்டு மேடைக்கும் வெளியூர்ச் சாலைக்கும் நடுவே இருந்த இழுபறி தீரவேயில்லை. ஆண்டுக்கு 26 சனிக்கிழமைகள் வந்து பாடவேண்டும் என்ற விதியை நிறைவேற்றாத பன்னிரண்டு கலைஞர்கள் 1964 இறுதியில் ஆப்ரியிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

சாலை வாங்கிய விலை வேறு வகையிலும் கொடியது. ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1ஆம் நாள், ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரக் கச்சேரிக்குச் செல்லும் வழியில், காரின் பின்னிருக்கையிலேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 29. பாட்ஸி கிளைன் 1963 மார்ச்சில், ஒரு நன்கொடைக் கச்சேரியில் பாடித் திரும்பும்போது விமான விபத்தில் மாண்டார். மறு ஆண்டு ஜூலையில் ஜிம் ரீவ்ஸும் விமான விபத்திலேயே மறைந்தார்.

கான்டன் வடக்கே உள்ள ஆலை நகரம். தென்னாட்டுப் பாடகருக்கு அங்கே என்ன வேலை? விடை எளிது: கேட்பவர்கள் அங்கே போய்விட்டார்கள். பருத்தி விலை வீழ்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் புகுந்தது. 1930களில் ஓக்லஹோமாப் பகுதியைப் புழுதிப் புயல் பாழாக்கியது. பல இலட்சம் பேர், வெள்ளையரும் கறுப்பரும், தெற்கை விட்டு வெளியேறினார்கள். கார் தொழிற்சாலைகளை நாடி டெட்ராய்ட்டுக்கும், ரப்பர் ஆலைகளை நாடி ஆக்ரனுக்கும், பழத்தோட்டங்களையும் எண்ணெய்க் கிணறுகளையும் நாடிக் கலிபோர்னியாவுக்கும் போனார்கள். போன இடத்தில் பேச்சு வேறு, பழக்கம் வேறு. அக்கம்பக்கத்தார் 'ஹில்பில்லி' என்றும் 'ஓக்கி' என்றும் இகழ்ந்தார்கள். ஓக்லஹோமாவிலிருந்து வந்த பெற்றோருக்குக் கலிபோர்னியாவில், ரயில் பெட்டியொன்றை மாற்றியமைத்த வீட்டில் 1937இல் பிறந்த மெர்ல் ஹாகர்ட், பிற்காலத்தில் அந்த இகழ்ச்சிச் சொல்லையே பெருமையாகப் பாடினார். பாபி பேர் 1963இல் பாடி வெளியிட்ட 'டெட்ராய்ட் சிட்டி' என்ற பாட்டு, பகலில் கார் தொழிற்சாலையில் உழைத்து இரவில் சொந்த ஊரைக் கனவு காண்பவனின் கூற்று. பிழைப்பு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு உள்ளுக்குள் புழுங்கும் அவனை நம்மில் பலர் அறிவோம்.

இனி அந்த இரண்டாவது வேரைப் பற்றிப் பேசவேண்டும். ஆப்ரியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. 1899இல் பிறந்த கறுப்பர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி, உடல் கூனி, உயரம் குன்றியவர். மவுத் ஆர்கனில் அவர் ரயில் ஓசையை எழுப்பினால், தண்டவாளம் கண்முன் தெரியுமாம். 1927இல் ஜார்ஜ் ஹே நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டிய இரவில் முதலில் வாசித்தவர் இவரே. ராய் அகஃப் போன்ற புதியவர்கள் வெளியூர் செல்லும்போது, கூட்டம் சேர்ப்பதற்காக இவரை உடன் அழைத்துச் சென்றார்கள். ஆனால், எந்த மக்கள் இவருக்குக் கைதட்டினார்களோ அவர்களுடைய ஊரில் இவருக்கு ஓட்டல் அறை கிடையாது. உட்கார்ந்து உண்ண இடம் கிடையாது. அங்கிள் டேவ் மேகன் இவரைத் தம் பணியாள் என்று ஓட்டல்காரரிடம் சொல்லித் தம் அறையிலேயே தங்கவைத்ததுண்டு.

1941இல் பாடல் உரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் தகராறு மூண்டது. பெய்லிக்குப் பழகிய பாடல்கள் பலவற்றை வானொலியில் வாசிக்க இயலாமற்போயிற்று. அந்த ஆண்டு அவரை விலக்கிவிட்டார்கள். அவர் நாஷ்வில் நகரத்திலேயே காலணிக்கு மெருகு போடும் கடை வைத்து வாழ்ந்தார். 1982இல் காலமான அவருக்கு, கண்ட்ரி இசையின் புகழ்க் கூடத்தில் இடம் கிடைத்தது 2005இல். ஊர் விட்டு வந்தவர்களைத் தேடிச் சென்ற பாட்டு, தன்னோடு பயணம் செய்த ஒருவரைப் பாதிவழியில் இறக்கிவிட்டதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல இயலாது.

தொலைக்காட்சி வந்தது. 1955 ஜனவரியில் மிஸௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்து 'ஓஸார்க் ஜூபிலி' ஏ.பி.சி. நிறுவனத்தின் வழியே நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. ரெட் ஃபோலி அதை நடத்தினார். பாட்டு, நகைச்சுவை, நடனம், தெய்வப் பாடல் என்ற கதம்ப நிகழ்ச்சியின் வடிவம் அப்படியே சந்தைத் திடலிலிருந்து திரைக்கு வந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் போர்ட்டர் வாகனர் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். பின்னாளில் உலகப்புகழ் எய்திய டாலி பார்ட்டன் 1967இல் அதில் சேர்ந்தார். அந்நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தது யார் தெரியுமா? பேதி மருந்து விற்ற சாட்டனூகா மருந்துக் கம்பெனி. பழைய மருந்து வண்டியின் மரபு அறுபடவில்லை.

வாகனர் நிகழ்ச்சி பெருநிறுவனங்களின் வழியே செல்லவில்லை. நிகழ்ச்சியை ஒளிநாடாவில் பதிந்து, தனித்தனி நிலையங்களுக்கு விற்பார்கள். ஒரு நிலையம் ஒளிபரப்பி முடித்த நாடாவை மூட்டை கட்டி அடுத்த நிலையத்துக்கு அஞ்சலில் அனுப்பும் வழக்கமும் இருந்தது. ஆக, பாடகர் மட்டுமன்றிப் பாட்டடங்கிய நாடாவும் ஊர் சுற்றியது.

1971ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். சி.பி.எஸ். நிறுவனத்தில் 1969 முதல் நடந்துவந்த 'ஹீ ஹா' என்ற கண்ட்ரி கதம்ப நிகழ்ச்சிக்கு நேயர் கூட்டம் குறைவில்லை. பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும் அதை நடத்தினர். ஆயினும் அந்த ஆண்டு அதையும், நாட்டுப்புறத்தைக் களமாகக் கொண்ட வேறு பல தொடர்களையும் அந்நிறுவனம் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டது. ஏ.பி.சி. நிறுவனம், ரைமன் அரங்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜானி காஷ் நிகழ்ச்சியை நிறுத்தியதும் அதே ஆண்டில்தான். காரணம், விளம்பரதாரர்கள் தலைகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. எத்தகைய தலை என்றும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நகரத்து இளைஞர் ஒருவர் நாட்டுப்புற முதியவர் பலருக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. இலட்சக்கணக்கானவர் விரும்பிப் பார்த்தபோதிலும், அவர்களுடைய விருப்பம் விலை போகாத சரக்காகக் கருதப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கத்தின் புதிய விதியொன்று நடைமுறைக்கு வந்தது. பெரிய நகரங்களின் நிலையங்களில், மாலை நேரம் முழுவதையும் பெருநிறுவனங்களே நிரப்பக்கூடாது என்றது அவ்விதி. உள்ளூர் நிலையங்களின் கையில் மாலையில் அரைமணி நேரம் காலியாக நின்றது. 'ஹீ ஹா' குழுவினர் தங்கள் நாடாக்களோடு நேரே அந்த நிலையங்களை அணுகினார்கள். நிகழ்ச்சியைக் கட்டணமின்றித் தருகிறோம். அதனிடையே சில நிமிட விளம்பர நேரத்தை எங்களுக்கு விடுங்கள் என்பது ஏற்பாடு. பெருநிறுவனம் கைவிட்ட நிகழ்ச்சி அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தது.

இப்படித் திறந்த வழியில் 1975இல் புறப்பட்டதே 'நாஷ்வில் ஆன் தி ரோட்' என்ற நிகழ்ச்சி. 'சாலையில் நாஷ்வில்' என்பது அதன் பொருள். மற்ற நிகழ்ச்சிகள் நாஷ்வில் படப்பிடிப்பு நிலையத்துக்குள் அடங்கியிருக்க, இது ஊர்தோறும் சென்று, அங்கேயே மேடை அமைத்து, அவ்வூர் மக்கள் முன் பாடியதைப் படம்பிடித்தது. ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பிறந்த ஜிம் எட் பிரவுன் முதன்மைப் பாடகர். தம் சகோதரியர் இருவரோடு சேர்ந்து அவர் பாடிய 'தி த்ரீ பெல்ஸ்' 1959இல் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பாட்டு. அவரோடு இணைந்து பாடியவர் ஹெலன் கார்னீலியஸ். 1976இல் இவ்விருவரின் இணைப்பாடலொன்று கண்ட்ரி வரிசையில் முதலிடம் அடைந்தது.

நகைச்சுவைக்கு ஜெர்ரி கிளவர். மிஸிஸிப்பி மாநிலத்தில் ஓர் உரக் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். உழவர்களிடம் உரத்தின் பெருமையை மட்டும் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள் என்று கண்டு, தம் ஊர்க் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். கதையே பிறகு அவருக்குத் தொழிலாயிற்று. பாஞ்சோ வாசிக்க அலபாமா மாநிலத்துச் சிறுமி வெண்டி ஹோல்கம்ப் வந்தார். 1963இல் பிறந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே நாடறிந்த வித்துவானார். இருதய நோயால் 1987இல், இருபத்து மூன்றாம் வயதில் மறைந்தார். உரம் விற்றவரும், பள்ளிச் சிறுமியும், குடும்பமாகப் பாடி வளர்ந்தவரும் ஒரே மேடையில் நின்றதைக் கண்ட ஊர் மக்களுக்கு, தங்கள் வீட்டுத் திண்ணையே மேடையேறியதுபோல இருந்திருக்கும்.

1981இல் குழு மாறி ஜிம் ஸ்டாஃபோர்ட் பொறுப்பேற்றார்; 1983இல் நிகழ்ச்சி முடிவடைந்தது. அதே 1983 மார்ச்சில், நாள் முழுதும் கண்ட்ரி இசைக்கும் அதைச் சார்ந்த வாழ்க்கைக்கும் உரிய தனிக் கம்பிவழித் தொலைக்காட்சி நாஷ்வில்லில் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் விலை போகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நேயர்களை நம்பியே அந்நிலையம் கடை திறந்தது. சாலையில் நின்ற மேடைகள் இடைப்பட்ட காலத்தில் அந்தக் கூட்டத்தைச் சிதறவிடாமல் காத்தன என்பது நம் கருத்து.

இத்தகைய தவறு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1952ஐ ஒட்டி நம் அகில இந்திய வானொலி, தரம் குறைவு என்று கருதிச் சினிமாப் பாட்டைச் சுருக்கிக்கொண்டது. கேட்டவர்கள் பாட்டை விடவில்லை, நிலையத்தை விட்டார்கள், முள் இலங்கை வானொலியை நோக்கித் திரும்பியது. 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கி, நேயர்களைத் தேடி வானொலியே போகவேண்டியதாயிற்று. தூரத்து நகரங்களில் வாழும் நாமும், எண்ணிக்கையில் சிலராக, கணக்கெடுப்பவர் கண்ணில் படாதவராகப் பல இடங்களில் இருக்கின்றோம். நம் பாட்டு நம்மைத் தேடி வரும் என்று காத்திருப்பதோடு, நாமும் ஊர்ச் சங்கத்துக் கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜமக்காளம் விரித்து அதற்கு இடம் கொடுத்துவருகின்றோம். அந்த ஜமக்காளத்தில் யார் யாருக்கு இடம் இருக்கிறது, டிஃபோர்ட் பெய்லியைப்போல வாசலில் நிற்பவர் எவரேனும் உண்டா என்பதை, அடுத்த முறை விரிக்கும்போது நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.